அவசரக் காரணம்: பிரசவம்

மார்ச் 4, புதன்

நான் அப்பவே சொன்னேன். விமானம் ஓடாது என்று மூன்று வாரத்துக்கு முன்னாலேயே, எங்கள் லிஃப்ட் கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஏழெட்டுப் பேர் காதுபடச் சொன்னேன். "வானத்துல ஏதோ சரியில்லை." இதுதான் நான் சொன்ன வார்த்தை. மழை வருமா என்று ஒருவன் கேட்டதற்குச் சொன்ன பதில் அது என்று இப்போது யாராவது சொல்லலாம். சொல்லட்டும். வானம் என்றால் எல்லாம்தான் அடக்கம்.

காலை ஏழு மணிக்கு விமான நிலையத்துக்குள் நுழைகிறோம், நானும் அக்காவும். பலகையில் நூறு ஊர் பெயர், நூறுக்கும் நேராக "ரத்து". விமானங்களுக்கு வழி சொல்லும் கோபுரத்துக்காரர்கள் வேலைநிறுத்தமாம். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாதாம்.

அக்கா பலகையைப் பார்த்தாள். பெட்டியைத் திருப்பினாள்.

"வீட்டுக்குப் போலாம்டா."

"அக்கா, குழந்தை ஒன்பதாம் தேதி பிறக்குதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அது பாட்டுக்குப் பிறக்கும். என்னைக் கேட்டா பிறக்குது?"

இதுதான் என் தலைவலி. எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது பாருங்கள். அக்கா தையல்காரி. நாற்பது வருஷம். அவள் கை படாத ரவிக்கை எங்கள் தெருவில் இல்லை. அப்படிப்பட்டவளுடைய ஒரே மகள், நாங்கள் பாப்பா என்று கூப்பிடுகிறவள், தன் கல்யாணத்தன்று கடையில் வாங்கிய ரவிக்கையைப் போட்டுக்கொண்டாள். அக்கா தைத்தது அலமாரியிலேயே இருந்தது. அவ்வளவுதான். மூன்று வருஷமாகத் தாய்க்கும் மகளுக்கும் பேச்சில்லை. பாப்பா விமானம் ஏறிப் போகிற தூரத்து ஊரில், அக்கா இங்கே தையல் மெஷினில். கர்ப்பம் என்ற செய்தியைக்கூட மருமகப் பையன்தான் டிசம்பரில் எனக்குச் சொன்னான், நான் அக்காவுக்குச் சொன்னேன். "ம்" என்றாள். மெஷினை மிதித்தாள்.

பிறகு எப்படிக் கிளம்பினாள்? போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பாப்பா எனக்குப் போன் போட்டாள். "மாமா, அம்மா தைச்ச சட்டையைத்தான் என் பிள்ளைக்கு முதல்ல போடுவேன். அம்மாவை எப்படியாவது கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள். நான் அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அக்கா ஊசியில் நூல் கோத்தாள். ஆனால் இன்றைக்குக் காலையில் பார்த்தால் பெட்டிக்குள் பதினோரு குட்டிச் சட்டை! மூன்றே நாளில் பதினொன்று. எங்கள் அக்கா கை அப்படி.

இப்போது அவள் திரும்பிப் போனால் இனி எந்தக் காலத்திலும் கிளம்ப மாட்டாள். எனக்குத் தெரியும். அவள் பிடித்த பிடி எங்கள் அப்பாவுக்கே அவிழ்க்க வராது.

மார்ச் 4, மாலை

அக்கா இன்னும் பெட்டிமேல்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டாள் — நல்ல அறிகுறி.

மார்ச் 5, வியாழன்

இன்றைக்கு நான் பெரிய மனுஷன் ஆனேன்.

நடந்தது இப்படி. கூடத்தில் பக்கத்து நாற்காலியில் மூன்று சூட்கேஸோடு ஒருவர். சூட்கேஸ்காரர் என்றே வைத்துக்கொள்வோம். "எப்பத்தான் விடுவானுங்க?" என்று புலம்பினார். நான் சும்மா இருந்திருக்கலாம். "கோபுரத்துல நானும் வேலை பார்த்தவன்தான்" என்று வாய் முந்திவிட்டது.

"எத்தனை வருஷம்?"

"பதினெட்டு."

பத்து நிமிஷத்தில் என்னைச் சுற்றி இருபது பேர். விமானம் எப்படி இறங்குகிறது, எதிரும் புதிருமாக வந்தால் யார் ஒதுங்குவது, எல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பெரிய விமானத்துக்குச் சின்ன விமானம் வழி விடும், ஆனால் வலது பக்கம் இருப்பது சொந்தக்காரன் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றேன். ஒருத்தர் குறித்துக்கொண்டார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அப்படி நின்றதற்காக இன்றைக்கு முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன். மேலே படித்திருந்தால் இவ்வளவு தைரியமாகப் பதில் வந்திருக்காது.

அக்கா மட்டும் என்னைப் பார்த்து, "நீ அங்க லிஃப்ட்டுக்குக் கயிறு மாத்தத்தானே போனே?" என்றாள்.

"லிஃப்ட் இல்லாம எவன்க்கா மேல போறான்?"

நியாயமான கேள்வி.

மத்தியானம் கூட்டம் என்னை வெளியே அனுப்பியது. வாசலில் கோபுரத்துக்காரர்கள் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். "உங்க ஆளுங்கதானே, போய் விசாரிச்சுட்டு வாங்க" என்று சூட்கேஸ்காரர் தோளில் தட்டி அனுப்பினார். போனேன். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டுதான் போனேன்.

அட்டை பிடித்திருந்த ஒருத்தர் என்னையே உற்றுப் பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே, நீங்களா! ரெண்டு மணி நேரம் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு, கதவு வழியா எங்ககிட்ட தண்ணி கேட்டீங்களே!"

மாட்டிக்கொள்ளவில்லை. உள்ளிருந்தபடி சோதனை செய்துகொண்டிருந்தேன். அதை அவரிடமும் சொன்னேன்.

நல்ல மனுஷன். கஷ்டத்தைச் சொன்னார். பத்துப் பேர் பார்க்கிற வேலையை ஆறு பேர் பார்க்கிறார்களாம். "கண்ணு எரியுதுண்ணே. திரையில ஒரு புள்ளின்னா இருநூறு உயிர். தூங்கி வழிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார். நான் வாயடைத்துப்போனேன். அது எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். அவர் அட்டையைக் கால் மணி நேரம் நான் பிடித்துக்கொண்டேன், அவர் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். கிளம்பும்போது காதில் சொன்னார்: "பேச்சு முடியுற மாதிரி இருக்கு. சனிக்கிழமை காலைல முதல் விமானம் போகும்னு நினைக்கிறேன்."

உள்ளே வந்து கூரையை அண்ணாந்து ஒரு நிமிஷம் பார்த்தேன். "சனிக்கிழமை காலை" என்றேன். "எனக்குத் தோணுது."

கை தட்டினார்கள்!

மார்ச் 5, மாலை

அக்கா சூட்கேஸ்காரரின் அறுந்த பெட்டிவாரைத் தைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து ஒருத்தி பையைக் கொண்டுவந்தாள், அப்புறம் ஒருவர் கால்சட்டையைக் கொண்டுவந்தார் (அதுவரை துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்). இப்போது வரிசை. அக்கா வாயில் ஊசியை வைத்துக்கொண்டு எல்லாரையும் அதட்டுகிறாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

ஊசியைக் கீழே வைத்ததும் என்னைக் கூப்பிட்டாள். "பாப்பா போன்ல என்ன சொன்னா? இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.

மார்ச் 6, வெள்ளி

அக்கா காலையில் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை கேட்டாள். "என்ன சொன்னா, சொல்லு." ஒவ்வொரு தடவையும் நானும் கொஞ்சம் நெய் விட்டுச் சொன்னேன். மூன்றாம் தடவை, "அழுதுட்டாக்கா, தேம்பித் தேம்பி" என்றேன்.

"முதல்ல இருமினான்னுதானே சொன்னே?"

"இருமிக்கிட்டே அழுதா."

"ம். சொல்லு."

சூட்கேஸ்காரர் இருக்கிறாரே, அவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் சமயம் தெரியாத நல்ல எண்ணம். "அந்தப் பொண்ணுக்கே ஒரு போன் போட்டுடுங்களேன், அம்மாவும் பேசட்டும்" என்றார். "விமானம் நின்னா போன் சிக்னலும் நிக்கும். ரெண்டுக்கும் ஒரே வானம்தானே" என்றேன். அதைச் சொல்லும்போதே அவர் தன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

நல்லவேளை, அக்கா குறுக்கே வந்தாள். "வேணாம். புள்ளைத்தாச்சி, தூங்குவா. விடுங்க."

தப்பித்தேன். எப்படித் தப்பித்தேன் என்று எனக்கே புரியவில்லை.

மத்தியானம்தான் அந்த விஷயம். முதல் விமானத்தில் அவசரக்காரர்களுக்கு முன்னுரிமை என்று கவுண்டர் அம்மணி ஒரு படிவம் கொடுத்தார். பெயர், வயது, அவசரக் காரணம். நானே நிரப்பினேன், என் கையெழுத்து தனி. அக்காவின் பெயர். வயது 59. அவசரக் காரணம்: பிரசவம். சுருக்கமாக, தெளிவாக. இதில் என்ன தப்பு?

அரை மணியில் ஒலிபெருக்கி அலறியது. "பிரசவத்துக்குச் செல்லும் பயணி எங்கிருந்தாலும் அசையாமல் அங்கேயே இருக்கவும். உதவி வந்துகொண்டிருக்கிறது." இரண்டு பேர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். பின்னாலேயே கவுண்டர் அம்மணி, கையில் தண்ணீரோடு. அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்தாள். நரைமுடி, வாயில் ஊசி, தோளில் யாருடைய கால்சட்டையோ.

"இவங்களுக்கா பிரசவம்?" என்றார் கவுண்டர் அம்மணி.

"எனக்கா!" என்றாள் அக்கா. ஊசி கீழே விழுந்தது.

"இருபத்தொன்பதுன்னு போட்டிருக்கே…"

என் ஐந்து எப்போதும் இரண்டு மாதிரிதான் இருக்கும். கணக்கு வாத்தியார் அந்தக் காலத்திலேயே இதைச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தூணைப் பார்த்தேன். செருப்பு பறக்கப்போகிறது, பெட்டியோடு வீட்டுக்குக் கிளம்பப்போகிறாள், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

சிரித்தாள்! முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சக்கர நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர். கூடமே சிரித்தது. மூன்று வருஷம் ஆயிற்று அவள் இப்படிச் சிரித்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு கவுண்டர் அம்மணியிடம் சொன்னாள்: "எம் மகளுக்கும்மா. தலைச்சன். நான் பக்கத்துல இருக்கணும்."

நான் இருக்கணும்! அவள் வாயாலேயே! நான் சொல்லிக் கொடுக்காமலே!

"அப்ப இதுவும் அவசரம்தாம்மா" என்று படிவத்தில் முத்திரை குத்தினார் அம்மணி. ஐந்தை அவரே திருத்தினார்.

மார்ச் 7, சனி

பறந்தோம். காலை ஒன்பது பத்துக்கு. நான் சொன்ன நாள், நான் சொன்ன வேளை. சூட்கேஸ்காரர் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைக் காட்டி, "உங்க ஆளுங்க நல்லா வழி சொல்றாங்க" என்றார். "நான் பழக்கினவங்க" என்றேன். அக்கா இடுப்பில் கிள்ளினாள்.

மார்ச் 7, சாயங்காலம்

நேற்றைவிட இன்றைக்குத்தான் எனக்கு நிஜமான பயம்.

மருமகப் பையன் வந்து கூட்டிப்போனான். மாடி வீடு, லிஃப்ட் இல்லை (கேவலம்). கதவைப் பாப்பாவே திறந்தாள். வயிறு முதலில் வந்தது, முகம் அப்புறம். அம்மாவும் மகளும் நிற்கிறார்கள். நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். குனிந்து செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா பெட்டியை அங்கேயே, வாசல்படியிலேயே திறந்தாள். மேலே குட்டிச் சட்டைகள். "என் சட்டையைத்தான் பிள்ளைக்கு முதல்ல போடுவேன்னு சொன்னியாமே. மாமா சொன்னான்."

பாப்பா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் என்று கேட்டால், நான் லிஃப்ட்டில் இருந்த இரண்டு மணி நேரம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

"ஆமாம்மா" என்றாள். "சொன்னேன்."

அப்புறம் குனிய முடியாமல் குனிந்து ஒரு சட்டையை எடுத்தாள். பட்டன் இல்லை, நாடா. பிஞ்சு உடம்பில் உறுத்தக் கூடாதென்று மடிப்பையெல்லாம் வெளிப்பக்கம் வைத்துத் தைத்திருக்கிறாள் அக்கா. பாப்பா அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தாள். "அம்மா, அன்னைக்கு அந்த ரவிக்கை…" என்று ஆரம்பித்தாள்.

"கை இறுக்கமாத்தான் தைச்சிருந்தேன்" என்றாள் அக்கா. "தள்ளு, உள்ள வர்றேன். கால் வலிக்குது."

மார்ச் 9, திங்கள்

பெண் குழந்தை. டாக்டர் சொன்ன அதே நாள். மூக்கு என்னுடையது.

மார்ச் 12, வியாழன்

மஞ்சள் சட்டை. முதல் சட்டை அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அக்காதான் நாடா கட்டினாள், பாப்பா பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து இப்போது என்னைத் திட்டுகிறார்கள், குழந்தையைச் சரியாகப் பிடிக்கவில்லையாம். வீடு களைகட்டிவிட்டது.

இன்றைக்குத் துணி மடிக்கும்போது அக்கா தலையைத் தூக்காமலே கேட்டாள். "ஏன்டா, போன ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கிழமை உன் போன் எங்க இருந்துச்சு?"

"எங்கிட்டதான். எதுக்குக்கா?"

"என் தையல் மேஜை டிராயர்ல. முந்தின நாள் மறந்து வச்சுட்டுப் போனது. திங்கக்கிழமைதானே வந்து எடுத்துட்டுப் போனே."

மடித்து வைத்திருந்த ஒரு துணியை எடுத்து மறுபடி மடித்தேன்.

"அப்புறம் ஏன்க்கா கிளம்பினே?"

"மூணு நாள்ல பதினோரு சட்டை எவடா தைப்பா?" என்று அடுத்த துணியை உதறினாள். "டிசம்பர்ல இருந்து தைக்கிறேன். எவனாவது வந்து கூப்பிடுவான்னு பார்த்தேன். நீ வந்தே."

மூன்று தடவை அந்தக் கதையை என்னைத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டாளே! இருமலையும் அழுகையையும் திருத்தினாளே!

சரி, இந்த நோட்டில் ஒரு திருத்தம் போடுகிறேன். நாலாம் தேதிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பாப்பா போன் போட்டாள் என்று எழுதியிருக்கிறேன். போடவில்லை. நானாகக் கட்டியது. எழுதி வைத்தால் எனக்கே நம்பிக்கை வரும் என்றுதான் இதிலும் எழுதினேன். வந்தது.

மற்றபடி இதில் எழுதியது எல்லாம் அப்பட்டமான உண்மை. அந்தப் பதினெட்டு வருஷம் மட்டும் — ஒன்றரை நாள்.