சோதனைக்கு வராத கேள்வி

ஜூன் 11, செவ்வாய்

இன்று தரம் பதினொன்றுக்கு அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் படிப்பித்தேன். நீராவி, ரயில், எஃகு, ஊரை விட்டு மில் வேலைக்கு வந்த பெண்கள். கடைசி வாங்கில் இருந்த ஒருத்தி எழும்பினாள்.

"டீச்சர், அம்மாமார் வேலைக்குப் போனா குட்டிப் பிள்ளையள ஆர் பாத்தது?"

"போனைக் குடுத்து இருத்தியிருப்பினம்!" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, "அது சோதனைக்கு வராது" என்று பக்கத்தைப் புரட்டினேன்.

பின்னேரம் வெள்ளவத்தைக்குத் திரும்பி, பகலில் விட்டுப்போகும் மகனைத் தூக்க எதிர் வீட்டுப் பரீனா அக்காவிடம் போனேன். அவர் தோளில் கிடந்தான். உடம்பு கொதித்தது.

"காலையிலயே காய்ச்சல் தங்கச்சி. கிளாஸ்ல இருப்பீங்கன்னு கோல் எடுக்கல்ல. மருந்து குடுத்தன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நாளைக்கும் போங்க. நான் பாத்துக்கொள்றன்" என்றார்.

பிள்ளையின் நெற்றி இன்னும் சுடுகிறது. லீவு கேட்டுப் பள்ளிக்கூட அதிபருக்கு மெசேஜ் எழுதிவிட்டேன், அனுப்பவில்லை. அக்கா 'நாளைக்கும் போங்க' என்றதும், பயத்துக்கு முன்னமே எனக்கு 'அப்பாடா' என்று இருந்தது. இதைக் கணவரிடம்கூடச் சொல்ல ஏலாது.