காற்புள்ளி

மார்ச் 4

வாயாடிக்கு,

நீ என் திக்குவாயைத் திருடிவிட்டாய்.

நான் பில் போடும் மருந்துக் கடையில் பக்கத்து மேசைக்காரி உன் வீடியோவைக் காட்டினாள். "சின்ன வயசுல எனக்குப் பேச்சு திக்கும். ஹாஸ்டல்ல என்னைக் காற்புள்ளின்னுதான் கூப்பிடுவாங்க" என்று கண்ணைத் துடைக்கிறாய். உனக்கு எப்போதடி திக்கியது? தூக்கத்தில்கூட நிறுத்தாமல் பேசியவள் நீ.

ஹாஸ்டல் மாடியில் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பேசிப் பழகியது நான். எதிரொலி கூடவே வந்தால் எனக்குச் சொல் தடுக்காது. நீ விளிம்பில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருப்பாய். என் வாக்கியத்தை எனக்காக முடித்துவைக்காத ஒரே ஆள். அந்தப் பேரை வைத்ததும் நீதான். "காற்புள்ளின்னா இன்னும் ஏதோ வரப்போகுதுன்னு அர்த்தம்டி" என்றாய்.

இதைச் சொன்னால் மேசைக்காரி சிரிக்கிறாள். "அந்த அக்கா கதைய நீ ஏண்டி உன் கதைங்கற?"

அது நீ இல்லை என்று அதே வீடியோவில் சொல்.

காற்புள்ளி

மார்ச் 15

செல்லக் காற்புள்ளி,

உன் கையெழுத்தில் 'ழ' இன்னும் வாலைச் சுருட்டிக்கொண்டேதான் இருக்கிறது. பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

கோபப்படாதே. 'என் தோழிக்குத் திக்கும்' என்றால் எவன் பார்ப்பான்? 'எனக்கு' என்றால்தான் நிற்கிறார்கள். நாலு லட்சம் பேர். திக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் அழுது எழுதுகிறார்கள். சொல்லிச் சொல்லி, தொட்டிக்குள் இருந்தது நான்தான் என்று எனக்கே தோன்றுகிறது, சத்தியமாக. அந்தப் பாசி வாடைகூட வருகிறது.

கடிதம் படிக்கவெல்லாம் நேரமில்லைடி. வாய்ஸ் மெசேஜ் போடு. சுருக்கமாக.

உன் வாயாடி

ஏப்ரல் 2

வாயாடி,

என்னிடம் போய் வாய்ஸ் மெசேஜ் கேட்டாய். சரி, போட்டேன். வீட்டிலிருக்கும் காலி டிரம்முக்குள் தலையையும் போனையும் விட்டுப் பேசினேன். நாலு நிமிஷம் பதினோரு நொடி. பாதி வெறும் மூச்சுதான்.

ஒரே நிமிஷத்தில் உன்னிடமிருந்து சிவப்பு இதயம் வந்துவிட்டது.

அந்த மாடியில், மழை பிடித்துக்கொண்ட பிறகும், ஒரு சொல்லுக்காக நனைந்தபடி காத்திருந்தவள் நீ. அவளுக்குத்தான் பேசினேன்.

வீடியோவை வைத்துக்கொள். என் மெசேஜின் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னேன். தொட்டிக்குள் எனக்கு முதன்முதலாகத் தடுக்காமல் வந்த அதே வார்த்தை. நீ குதித்திறங்கிக் கை தட்டினாயே, அது. காற்புள்ளி நீதான் என்றால் உனக்கே தெரிந்திருக்கும். இல்லையென்றால் மெசேஜைக் கடைசிவரை கேள்.

என்ன வார்த்தை என்று எழுது.

காற்புள்ளி

மே 6

வாயாடி,

புது வீடியோவில் தொட்டியும் வந்துவிட்டது. அதற்குள் தலையை விட்டு அழகாகத் திக்குகிறாய். ஆனால் அது பிளாஸ்டிக். நம்முடையது சிமெண்ட், உன் முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கும், பார்.

என்ன வார்த்தை அது?

,