சட்டைப் பையில் சாவி

மே 3, செவ்வாய்
மேனேஜர் கேண்டீன் அடுப்படியில் ஒரு வெப்பமானியை மாட்டிவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு நாற்பத்து மூன்று. வெந்துகொண்டிருக்கிறவனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? ஆலையில் வேலை செய்கிற அறுநூறு பேருக்குப் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு போயாக வேண்டும்.

எண்ணெய்ச் சட்டி முன்னால் என் தங்கை. ஒன்பதரைக்கு வந்து கழிப்பறைச் சாவி கேட்டாள். "இப்பதானே போனே, அதுக்குள்ளயா?" என்றேன். அடுப்படியே சிரித்தது. போன வருஷம் ஒருத்தி உள்ளே உட்கார்ந்து அரை மணி நேரம் போன் பேசியதில் ஒரு அண்டா பருப்பு அடிபிடித்துப் போனது. அன்றிலிருந்து சாவி தலைமைச் சமையல்காரனான என் சட்டைப் பையில்தான்.

மே 5, வியாழன்
ரொட்டி தட்டுகிறவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தண்ணீர் குடிக்காத வினை. நாளையிலிருந்து மூன்று சட்டம் போட்டிருக்கிறேன். கழுத்தில் ஈரத்துண்டு. எண்ணெய்ச் சட்டிக்கு அரை மணிக்கு ஒரு ஆள் மாற வேண்டும். எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில், அதில் நான்கு கோடு, மணிக்கு ஒரு கோடு. பன்னிரண்டுக்குள் காலியாக வேண்டும். கோடுகளை நானே போட்டேன்.

மே 9, திங்கள்
இன்றும் எட்டுப் பாட்டிலும் காலி. மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மே 10, செவ்வாய்
எட்டும் காலி.

மே 12, வியாழன்
தங்கை மயங்கி விழுந்துவிட்டாள். பின்பக்கமாக விழுந்தாள், சட்டிப் பக்கம் இல்லை. முன்னால சாஞ்சிருந்தா? வேணாம், அதை எழுத வேணாம்.

அவள் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். காலி. அதையே டாக்டரிடமும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உடம்பில் தண்ணீரே இல்லையாம். அடக்கி அடக்கி வைத்ததில் சிறுநீரில் கிருமி வேறு சேர்ந்திருக்கிறதாம். கையில் ஊசி, இரண்டாவது பாட்டில் ஏறுகிறது. இதற்கும் கோடு போட்டிருக்கிறார்கள்.

மே 13, வெள்ளி
காலையில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். குடிக்கவே இல்லையா என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள், பன்னிரண்டுக்குள் தொட்டியில் ஊற்றிவிடுவார்களாம். அவள் மட்டும் இல்லை, ஐந்து பெண்களும்.

"குடிச்சா போகணும்ல அண்ணா. சாவி உன் பாக்கெட்ல இருக்கு. அத்தனை பேர் முன்னாடி கேட்கணும். நீ ஒண்ணு சொல்லுவே, எல்லாரும் சிரிப்பாங்க."

ஆண்கள் லாரி நிற்கிற பக்கம் ஒதுங்கிவிடுகிறோம். இத்தனை நாளில் எனக்கு அது உறைக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தரமாவது அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன். கூடப் பிறந்தவ கிட்டயே. வெட்கமா இருக்கு. எல்லாத்துக்கும் கோடு போட்டேனே, இது எப்படித் தெரியாம போச்சு?

மே 14, சனி
பின்கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துச் சாவியை மாட்டினேன். என் அடுப்பிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஒருவரும் சாவியைத் தொடவில்லை.

மே 17, செவ்வாய்
பன்னிரண்டு மணிக்கு நான்கு பெண்களின் பாட்டிலிலும் பாதிக்கு மேல் மிச்சம். மேனேஜர் முகம் சுளித்தார். தொட்டியில் ஊற்றாமல் விட்ட மிச்சம் அது. எனக்கு இது போதும்.

மே 23, திங்கள்
தங்கை வேலைக்கு வந்துவிட்டாள். வெப்பமானியில் நாற்பத்து நான்கு.

பதினொரு மணிக்குத் திரும்பிப் பார்க்கிறேன், அவள் முறை, எண்ணெய்ச் சட்டி முன்னால் ஆள் இல்லை. பின்கதவு வரை ஓடினேன். ஆணியில் சாவி இல்லை. திரும்பி வந்து அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு நின்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் பாட்டில் மூன்றாவது கோட்டில் இருந்தது. என் பாட்டிலைப் பார்த்தாள். முதல் கோட்டையே தாண்டவில்லை.

"கரண்டியைக் குடு. நீ போய் குடி."

போய்க் குடித்தேன்.