ஒரே குழியில் இரண்டு கேபிள்

அக்டோபர் 9, 2025, வியாழன்
காலையில் ஆள்கணக்கு எழுதும் பெரட்டு நோட்டுக்கு விடை கொடுத்தாகிவிட்டது. காலையில் யார் எந்தப் பீல்டில் கொழுந்து வெட்டுகிறார்கள் என்பதைக் கங்காணி திருச்செல்வம் இனி டேப்லெட்டில் தட்டுவார். அது நேரே கிளவுடுக்குப் போகும். எஸ்டேட் ஆபீசையும் கிளவுடையும் எப்படி இணைப்பது என்று நான் முடிவு செய்யவேண்டுமாம். கம்ப்யூட்டர் படித்த பாவம்.

அக்டோபர் 17, வெள்ளி
ஒரு இன்டர்நெட் லைனும் ஆபீஸ் சர்வரில் பட்டியலுக்கு ஒரு பிரதியுமா, இல்லை, இரண்டு கம்பெனியிலிருந்து இரண்டு லைனா? இரண்டு லைன் என்று எழுதிவிட்டேன். ஒன்று அறுந்தால் மற்றது இருக்கும். சர்வர் வேண்டாம். "நல்லா யோசிச்சியா நீலா?" என்றார் மேனேஜர் விமலன். யோசித்தேன் என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நவம்பர் 3, திங்கள்
இரண்டு லைனும் வந்துவிட்டன. திருச்செல்வத்தின் நோட்டை வாங்கி என் டிராயரில் வைத்தேன். "கையால எழுதுனா பேரு மனசுல நிக்கும்மா. தட்டுனா நிக்கமாட்டேங்குதுலா" என்றார். சிரித்தேன்.

நவம்பர் 24, திங்கள்
மழை. மதியம் ரிங்லெட் டவுனுக்குப் போகும் ரோடு சரிந்தது. அதே நேரத்தில் எங்கள் பதினாலாம் பீல்டும். லைன் போய்விட்டது — இரண்டுமே. போனும் இல்லை. பதினாலில் எத்தனை பேர்? பட்டியல் கிளவுடில் இருக்கிறது. டேப்லெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் என்ன செய்ய?
திருச்செல்வம் நினைவிலிருந்து பன்னிரண்டு பேர் சொன்னார். பன்னிரண்டு பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். தேடப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டோம்.

நவம்பர் 25, செவ்வாய்
லைன் பழுது பார்க்க வந்த கைருலிடம், இரண்டு கம்பெனிதானே, எப்படி இரண்டும் போகும் என்று கேட்டேன். "கம்பெனி ரெண்டுதான்க்கா. குழி ஒண்ணுதான். ரெண்டு கேபிளும் ரிங்லெட் ரோட்டோரமா வருது." ஒன்று மறுபக்கம் கம்போங் ராஜா ஊர் வழியாக வரும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கல?
மாலை நாலரைக்கு லைன் வந்தது. பட்டியல் திறந்தது. பதினாலாம் பீல்டு — பதிமூன்று பேர். கடைசிப் பெயர் தங்கம்மா. நேற்றுக் காலையில் ஒன்பதாம் பீல்டிலிருந்து மாற்றி, தனியாகக் கீழ்முனையில் விட்டிருக்கிறார்கள். தட்டியவர் திருச்செல்வம்தான்; அவருக்கு அது நினைவே இல்லை. நேற்று அவர் வேலைக்கே வரவில்லை என்று ஒன்பதாம் பீல்டுக்காரர்கள் நினைத்தார்கள். ரோடு அடைத்ததால் எஸ்டேட்டில் தங்கிவிட்டார் என்று ரிங்லெட்டில் அவர் மகள் நினைத்தாள்.
எல்லாரும் ஓடினோம்.

நவம்பர் 26, புதன்
காலையில் கிடைத்தார். நேற்று விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அதை ஏன் என்கிட்ட சொல்லணும்?

டிசம்பர் 8, திங்கள்
புதிய வடிவமைப்பு கேட்டுத் தலைமையகம் எழுதியிருக்கிறது. கம்போங் ராஜா வழியாக ஒரு லைன், ஆபீஸில் சர்வர், தினமும் ஒரு பிரதி. பத்து நிமிடத்தில் எழுதி அனுப்பிவிட்டேன்.
தங்கம்மாவின் சாமான்களை எடுத்துப்போக மகள் யோகேஸ்வரி வந்திருந்தாள். திருச்செல்வம் இப்போது பெயர்களை மறுபடி நோட்டில் எழுதுகிறார். அதைப் புரட்டிப் பார்த்தாள்.
"அன்னிக்கு இது எங்க இருந்துச்சுக்கா?"
என் டிராயரில் இருந்தது என்றேன். நோட்டை மூடி, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.