பை பார்த்துக்கொள்ள நான் வரவில்லை

அரியலூர்
9.3.2025, ஞாயிறு மாலை

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், புதன்கிழமை போனில் கேட்ட இருமல் மட்டும் காதிலேயே நிற்கிறது. இமயமலைப் பக்கத்து அந்த மண்டி ஊரில் இன்னும் குளிர் விடவில்லை என்றாயே, ஹாஸ்டலில் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி, கேட்கக் கூச்சப்படாதே. கீழப்பழுவூர் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டி.வி. பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் கறுப்புக் கண்ணாடியோடு அதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்டால் "நான் எங்கடி பாக்கறேன், கேட்டுக்கிட்டுல்ல இருக்கேன்" என்கிறார்கள். அப்பாவுக்கு இந்த வாரம் சுரங்கத்தில் மதிய ஷிப்ட், காலையில் வீட்டில் இருப்பதால் சமையலில் குறை கண்டுபிடிக்க நேரம் கிடைக்கிறது.

தினமும் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, சரி விடு என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். விஷயம், மே மாதம் நாங்கள் அங்கே வரும்போது போகப்போகும் அந்த மலை ஏரி. முதல் தடவை நீ அதன் படத்தை அனுப்பியபோது உன்னைத் திட்டினேனே, நினைவிருக்கிறதா. பச்சையும் நீலமும் கலந்த அந்த நிறத்தில் நம் ஊரில் இருப்பது சுண்ணாம்புக்கல் தோண்டிவிட்டுப் போன குழிகளில் தேங்கும் தண்ணீர்தான். பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்து அதன் கிட்டே போகாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை அங்கே போயும் குழி ஓரத்தில் நிற்கிறாளே என்று பதறிவிட்டேன். நீ சிரித்துக்கொண்டே அதன் பிறகு வீடியோ அனுப்பினாய். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. முதலில் ஓடை, அப்புறம் தேவதாரு மரக் காடு, அதற்கு மேல் மரமே இல்லாத புல்வெளி ஏற்றம், அங்கே உன் மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது, கடைசியில் ஒரு வளைவு, அதில் திரும்பியதும் கீழே ஏரி. காரில் வருகிறவர்களுக்கு இந்த வளைவு கிடையாது, அவர்கள் வேறு பக்கமாக வருகிறார்கள் என்று அதில் நீயே சொல்கிறாய்.

போன மாதம் நீ திட்டம் சொன்னாய். நீயும் அப்பாவும் அடிவாரத்து ஊரிலிருந்து நடந்து ஏறுவது, நான் காரில் ரோடு வழியாக வந்து மேலே காத்திருப்பது. "பையெல்லாம் ஒன்கிட்ட குடுத்துடறோம்மா, நீ பாத்துக்க, நாங்க வெறுங்கையோட ஏறி வந்துடறோம்" என்றாய். என் முழங்காலை நினைத்துத்தான் சொன்னாய், அது தெரியும். சரி என்று சொல்லி போனை வைத்தேன். அன்று ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. கல்யாணமான புதிதில் அப்பா வீட்டார் எல்லோரும் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனோம், அப்போது நீ வயிற்றில் மூன்று மாதம். ஏற வேண்டாம், கீழேயே உட்கார் என்றார்கள், எல்லோருடைய பையும் செருப்பும் டிபன் கேரியரும் என்னைச் சுற்றி வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த தடவை நீ கைக்குழந்தை. அதற்கடுத்த தடவை காரணம் எதுவும் இல்லை, ஆனால் எல்லோரும் பையை என்னிடம் நீட்டினார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். மலைக்கோட்டைக்குப் போனாலும் பச்சைமலைக்குப் போனாலும் அப்படியே ஆயிற்று. யாரும் என்னை வராதே என்று சொல்லவில்லை மேகலா, நீங்க போயிட்டு வாங்க என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். வலி வந்தது போன வருஷம், உட்கார்ந்தது இருபத்திரண்டு வருஷமாக. நீ மட்டும் ஒவ்வொரு தடவையும் மேலிருந்து ஒரு கல் எடுத்து வந்து என் கையில் கொடுப்பாய், இது அம்மாவுக்கு என்று. அவை எல்லாம் இன்னும் சமையலறை ஜன்னலில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன.

அதனால் நடக்க ஆரம்பித்திருக்கிறேன். முதலில் டாக்டரிடம் போய் முழங்காலையும் இதயத்தையும் காட்டினேன். தேய்மானம் லேசாகத்தான் இருக்கிறது, தசைக்குப் பலம் இல்லாததுதான் காரணம், கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பழகலாம் என்றார். அரியலூரில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலம்தான். காலையில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, உன் பழைய ஸ்கூல் பையில் மூன்று கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறேன். பத்து தடவையில் ஆரம்பித்து இப்போது இருபத்தைந்து. அங்கே டீ விற்கும் வைத்திலிங்கம் நாலு நாள் பார்த்துவிட்டு, "தெனமும் மூட்டையோட வர்றீங்க, எந்த ட்ரெயினும் ஏற மாட்டேங்கறீங்க, வூட்டுல எதுனா சண்டையாம்மா?" என்று கேட்டே விட்டார். மே மாதம் ஏறுவேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரஞ்சன்குடி. முதல் ஞாயிறு என் ஆபீஸ் தோழி வைரக்கண்ணுவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோட்டை வாசலுக்கு வந்ததும் நான் ஒரு கல்லில் உட்கார்ந்து, அவள் தோளிலிருந்த பையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நீ போயிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். அவளும் பத்தடி போய்விட்டாள். அப்புறம் திரும்பி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏறணும்னு என்னைய பெரம்பலூருல ரெண்டு பஸ்ஸு மாத்திக் கூட்டியாந்தது யாருக்கா?" என்றாள். மடியில் பையோடு உட்கார்ந்திருந்த என்னை அப்போதுதான் நானே பார்த்தேன். எழுந்தேன். அன்று பாதிவரைதான் முடிந்தது, மூச்சு முட்டி இறங்கிவிட்டோம். அடுத்த ஞாயிறு மேலே போனேன். இருபத்திரண்டு வருஷம் கீழே இருந்து பார்த்த இடம், நின்று நின்று போயும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அது எனக்குச் சந்தோஷத்தை விடக் கோபத்தைத்தான் கொடுத்தது, யார் மேல் என்று கேட்காதே.

அப்பாவிடம் சொன்னபோது, "ரஞ்சன்குடிக்கும் இமயமலைக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு? கோட்டை மேல நின்னா பைபாஸ்ல போற பஸ்ஸு ஹாரன் கேக்கும்" என்றார். அவர் சொல்வது சரிதான், அதனால்தான் ஏப்ரலில் பச்சைமலையில் ஒரு நாள் முழுக்க நடக்கப்போகிறேன். இன்று காலை ரஞ்சன்குடிக்கு அவரும் கூட வந்தார். கோட்டை வாசலில் பேச்சுவாக்கில் தன் பையை என் பக்கம் நீட்டினார், நானும் கையை நீட்டிவிட்டேன், பிறகு இழுத்துக்கொண்டு, உங்கள் பையை நீங்களே கொண்டு வாருங்கள் என்றேன். அப்புறம் முதுகில் மாட்டிக்கொண்டார். நான் மூன்று தடவை ஏறி இறங்கினேன், அவர் ஒரு தடவை ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். மேகலாகிட்ட சொல்லிடாத என்றார், சொல்லிவிட்டேன்.

எனக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் புல்வெளி ஏற்றத்தில் என்னால் முடியாமல் போகலாம். அப்படி ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு வீம்புக்கு ஏறமாட்டேன், அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். ஆனால் அது நான் நடந்து போய்ச் சேர்ந்த இடமாக இருக்கட்டும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தக் காரை வேண்டாம் என்று சொல்லிவிடு, அது இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் பாதி வழியிலிருந்து என்னைக் கீழே இறக்கி அதில் ஏற்றி அனுப்பப் பார்ப்பீர்கள், நானும் ஏறிவிடுவேன். மெதுவாக நடக்கிறவர்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகும், விடியற்காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று விசாரித்து வை. அவரவர் பை அவரவர் முதுகில்.

நீ நோய்நொடி இல்லாமல், எடுத்த படிப்பை நினைத்தபடி முடிக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும். தலைக்குக் குளித்தால் உடனே காயவை, கார் விஷயத்தை மறந்துவிடாதே. உறைக்குள் காகிதத்தில் மடித்து ஒரு சின்னக் கல் வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கீழே விழுந்துவிடப் போகிறது. ரஞ்சன்குடியில் மேலே எடுத்தது. இது உனக்கு.

உன் அம்மா,
கு. மலர்கொடி