மேற்குப் பக்கத்துக் கைப்பிடி

மார்ச் 3

முதலில் மன்னிப்பு. பேசிப் பழகுவதற்கென்று வாங்கிய நோட்டில் சொந்தக் கதை எழுதுகிறேன். வீட்டில் முதல் பட்டதாரி நான். ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஏரிக் கோபுரத்தில் வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. "மைக்க முழுங்கிடாதடி" என்கிறார் டிக்கெட் கொடுக்கும் அக்கா.

மூடுபனியில் படகுகளுக்கு விளக்குக் காட்டக் கட்டிய கோபுரம் இது. பிறகு அணை கட்டி ஏரியை உயர்த்தியதில் பழைய படித்துறை மூழ்கிவிட்டது. உச்சியில் மேற்குப் பக்கம் எட்டிப் பார்த்தால் தண்ணீருக்கடியில் அந்தக் கற்படிகள் தெரியும். நான் இதைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் கைப்பிடியில் சாய்வார்கள். இன்று சாய்ந்தபோது கைப்பிடி அசைந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

மார்ச் 4

இல்லை. ஆடுகிறது. கல்லில் பதித்த இரும்புக்கால் துருவேறி இளைத்திருக்கிறது.

மார்ச் 5

கோபுரத்தைத் திறந்து மூடிப் பராமரிப்பவர் அப்பாதான்; இருக்கும் ஒரே சாவியும் அவரிடம்தான். "தெரியும்," என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே. "ரெண்டு தடவ சொல்லிட்டேன். மூணாவது தடவ சொன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்க."

"நீயும் போய் வாயக் குடுக்காத," என்றாள் அம்மா.

மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'பார்க்கலாம்'. தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சீசன் முடியட்டும். பார்க்கலாம்."

மார்ச் 7

வரலாற்றை இடம் மாற்றிவிட்டேன். படித்துறை கிழக்குப் பக்கம் இருப்பதாகச் சொன்னேன். அங்கே இருப்பது பாறையும் பாசியும்தான். ஆனால் அந்தப் பக்கத்துக் கைப்பிடி உறுதியானது. ஒருவர் மனைவிக்கு ஏழு படி எண்ணிக் காட்டினார். "எட்டுங்க," என்றார் மனைவி.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்குத்தான் உங்கப்பா உன்னப் படிக்க வச்சாரா?"

நானும் சிரித்தேன்.

மார்ச் 9

பொய் சொல்லும்போது மட்டும் குரல் நடுங்குவதில்லை. ஏன்?

மார்ச் 12

இன்று பொய் பிடிபட்டது.

கூட்டத்தில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். "என்னம்மா உளர்றே? படி அந்தப் பக்கம். எங்கம்மா துணி துவைச்ச படி எனக்குத் தெரியாதா?" எல்லோரும் மேற்கே போய்ச் சாய்ந்தார்கள். ஒருவர் தன் மகளைத் தூக்கிக் கைப்பிடிமேல் உட்கார வைத்தார். இரும்பு கிறீச்சிட்டது. எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஓடிப்போய்ப் பிள்ளையை இடுப்போடு பிடித்து இழுத்துவிட்டேன். அது வீறிட்டு அழுதது. "பைத்தியமா நீ?" என்றார் தகப்பன். பைத்தியம்தான் போல. வார்த்தையால் தடுக்கத் தெரியாத பைத்தியம்.

அவர் புகார் சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை படகுப் போட்டி. ஊரே மேல நிக்கும். அன்னைக்கும் இப்படி ஏதாவது செஞ்சு வச்சே..."

மார்ச் 13

மேற்குப் பக்கம் ஒரு கயிறாவது கட்டலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். கயிற்றைப் பார்த்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்களாம்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று கோபுரம் திறக்கவில்லை.

வந்த கூட்டம் கீழே நின்று திட்டியது. மேலாளர் என்னிடம் கையை நீட்டினார். "தர முடியாது சார். மேற்குப் பக்கக் கைப்பிடி ஆடுது. ஆள் விழுந்துடும்" என்றேன். கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கிறது. அதற்குப்பிறகு யாரும் மேலே போகவேண்டும் என்று கேட்கவில்லை. போட்டியைக் கரையிலிருந்தே பார்த்தார்கள். நாளை வெல்டர் வருகிறாராம். என்னை இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்ததாகச் சொல்லியிருந்தேன்.

தெரியாமல் எங்கே? காலையில் அவர் செருப்பு மாட்டும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். நான் கேட்டதும் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவே இல்லை. இத்தனை நாளாகத் தொண்டைவரை வந்து திரும்பிப்போனது இவ்வளவுதான்:

"அப்பா, இன்னைக்கு நீங்க வராதீங்க. சாவிய எங்கிட்ட குடுங்க."