ஆறு டப்பா களிம்பு

மார்ச் 4

மன்னிக்க வேண்டும். இது பழைய பத்திரிகைகளைப் பட்டியலிட வாங்கிய நோட்டு. சொந்தக் கதை எழுத அல்ல. பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்.

பேப்பர் கடைக்காரர் எனக்கென்று ஒரு கட்டு எடுத்து வைத்திருந்தார். தொண்ணூறு வருடத்துக்கு முந்தையவை. "ஊரெல்லாம் தங்கம் சேக்குது, நீ பேதி மாத்திரை விளம்பரம் சேக்கிறியேம்மா." சிரித்துவிட்டு வந்தேன். தொட்டாலே உதிர்கிறது. ஆபீசில் கெஞ்சி ஜெராக்ஸ் எடுத்தேன்.

மார்ச் 6

அம்மா தையல்கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. விளம்பரங்களைப் படித்துக் காட்டினேன். வழுக்கைக்கும் மூட்டுவலிக்கும் ஒரே தைலம் என்றதும், "தலையில தேய்க்கிறதா, முட்டியிலயா? மாத்தித் தேய்ச்சா முட்டியில முடி மொளைக்குமே" என்றாள்.

அடுத்தது பெண்களுக்கான களிம்பு. மார்புக் கட்டி கத்தியில்லாமல் கரையுமாம். குணமான ஒருத்தியின் கடிதமும் இருந்தது: 'ஆறு வருஷமாய் அழுதேன், ஆறு டப்பாவில் எழுந்தேன்.'

அம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ படி பாப்பா. கடை எங்கன்னு போட்டிருக்கு?"

படித்தேன். நம் ஊர்க் கடைவீதி, பதினான்காம் நம்பர்.

மார்ச் 9

அம்மா மத்தியானம் முழுக்க வீட்டில் இல்லையாம். கால் வீங்கியிருக்கிறது. சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 10

சொல்லிவிட்டாள். கடைவீதியில் பதினான்காம் நம்பரைத் தேடிப் போயிருக்கிறாள். அங்கே செல்போன் கடை.

"புதுப் பேப்பர்லதானே படிச்ச? வெள்ளை வெளேர்னு இருந்துச்சே."

ஜெராக்ஸ் தாள். நான் தேதியைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பட்டப்படிப்பு படித்து என்ன — என் வாயால் படித்ததை அவள் நம்பாமல் யார் நம்புவார்?

என் கையைப் பிடித்து இடது மார்பில் வைத்தாள். கொட்டைப்பாக்கு அளவு. எட்டு மாதமாக இருக்கிறதாம்.

மார்ச் 11

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "கத்தி வைக்கிற எடத்துக்கு நான் வரமாட்டேன். பேசாம வேலையைப் பாரு."

மார்ச் 13

இன்னும் மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 15

கட்டு முழுவதையும் அலசினேன். அதே கடிதம் இன்னும் இரண்டு விளம்பரத்தில் இருக்கிறது. ஒன்றில் வயிற்றுவலிக்காரர், ஒன்றில் மீசை வைத்த இருமல்காரர். எல்லாரும் ஆறு வருஷம் அழுதிருக்கிறார்கள். மருந்து மட்டும் வேறு. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். தேதியோடு.

தாள்களை வாங்கித் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்போ அந்தப் பொம்பள செத்துட்டாளா?"

"அப்படி ஒருத்தி இருந்தாளான்னே தெரியலம்மா."

ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தாள். "எத்தனை மணிக்குப் போகணும்?"

மார்ச் 17

டாக்டரம்மா என்னைப் பார்த்தே பேசினார். "நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும்." அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன். சதைத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

மார்ச் 26

முடிவு வந்துவிட்டது. புற்றுதான். அம்மா வெளியே நின்றிருந்தபோது என்னிடம் சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "என்னவாம்?" என்று கேட்டாள். "நாளைக்கு வரச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 27

ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் அம்மாவே கேட்டாள். "எடுத்துட்டா திரும்ப வராதா?" என்று கேட்டதற்கு, "வரவே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. வராம இருக்கத்தான் வைத்தியம் பண்றோம்" என்றார் டாக்டரம்மா. அம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப சரி. எழுதிக்குங்க."

அதற்கு முன் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். உள்ளே போனதும் டாக்டரம்மா வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை அப்போதுதான் சொன்னேன்:

"டாக்டர், என்கிட்ட சொல்லாதீங்க. அம்மா முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."